யாருக்காக எரிகிறது வாசல் விளக்கு

திருவரங்கம் கோயில் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டு போனால், இந்த ஊரில் ஆயிரம் ஆண்டுகளாக எரிந்த விளக்குகளுக்கு எழுத்தில் கணக்குக் கிடைக்கும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அணையா விளக்குக்குப் பொன்னும் வெள்ளியில் ஒரு விளக்குத்தண்டும் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. சோழ நாட்டுக் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடுவது பெருவழக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பிவிடும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதி வைத்தார்கள். தெய்வத்தின் முன் எரியும் ஒரு சுடருக்குத் திரி, நெய், ஆடு, ஆள் என்று இவ்வளவு துல்லியமான கணக்கு இருக்கிறது. அந்தக் கோயிலின் உள்மதிலுக்கு வெளியே, உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீட்டு வாசலில் எரிந்த விளக்குக்கு ஒரு வரிகூட இல்லை. யாரும் அதற்குத் தானம் கொடுக்கவில்லை; ஆகவே யாரும் கல்லில் வெட்டவும் இல்லை. ஆனால் பிள்ளைகளும் பெரியவர்களும் விருந்தாளிகளும் இடைவிடாமல் போய்வரும் ஒரு வீட்டின் வெளிப்புறத்துக்கு எந்த விளக்கு வாங்குவது என்ற இன்றைய கேள்விக்கு, கல்லில் ஏறாத அந்த வரலாற்றில்தான் விடை இருக்கிறது. இன்று எலக்ட்ரிக்கல் கடையில் வாட்டையும் விலையையும் மட்டும் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும் விஷயம், ஒரு காலத்தில் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கியது. அங்கே யார் வருவார், என்ன வேலை நடக்கும் என்பது அந்தக் கேள்வி. வெளிச்சம் மலிவாக மலிவாக அது கைநழுவிப் போயிற்று. இழந்தது அந்தக் கேள்வியைத்தான் என்பதும், அதை மீட்டுவிட்டால் எந்த விளக்கு என்பது தானே தெளிவாகும் என்பதும் என் வாதம்.

வீட்டு விளக்குக்குச் சான்று வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. திருவரங்கத்தின் பழைய வீடுகள் தெருவிலிருந்து உள்ளே நீண்டு போகும்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கடைசியில் கிணறும் கொல்லையும். இந்த வரிசையின் தலைவாசலில், நிலைக்குப் பக்கத்துச் சுவரில், அகல் வைக்கும் அளவுக்கு ஒரு மாடம் குடைந்திருப்பார்கள். அதைக் கட்டிய கொத்தனாரின் அறிவு எளிதில் கண்ணில் படாது. மாடம் மேலும் பின்னும் பக்கங்களிலும் மூடியது. காற்று சுடரை அணைக்காது என்பது அதன் முதல் பயன். அதைவிட நுட்பமான பயன், வெளிச்சம் முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டுமே போகும் என்பது. சுடர் பக்கவாட்டில் நிற்பவர் கண்ணில் படாது. ஆனால் படியும், செருப்பு விடும் இடமும், திண்ணையின் விளிம்பும் தெரியும். ஆமணக்கெண்ணெயோ இலுப்பை எண்ணெயோ ஊற்றிய ஒற்றைத்திரி அகல் தரும் ஒளி மிகக் குறைவு. அந்தக் குறைந்த ஒளியை, கால் இடறக்கூடிய அந்த நான்கு சதுர அடிக்கு முழுவதுமாகச் செலவிடும் ஏற்பாடுதான் மாடம். அந்தி சாயும்போது கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் விளக்கு வைப்பது வழக்கம். திருமகள் முன்வழியே வருவாள் என்பது அதற்குச் சொல்லும் காரணம். மார்கழியில் விடியுமுன் கோலம் போடும்போதும் மாடத்தில் அகல் ஏறும். ஆக, வருகிறவருக்காக ஒரு வேளை, வேலை செய்கிறவருக்காக இன்னொரு வேளை. இடையில் அது எரியவேண்டிய அவசியம் இல்லை.

ஒரு வீட்டின் வெளிப்புறத்தில் எங்கெங்கே ஒளி வேண்டும் என்பதற்கு நம்மிடம் எழுதப்படாத வரைபடம் ஒன்றும் இருக்கிறது. அது கார்த்திகை. திருச்சி மலைக்கோட்டையில், காவிரிக்கரைச் சமவெளியிலிருந்து 273 அடி உயரும் பாறையின் மேல், பெரிய கொப்பரையில் தடித்த திரியிட்டுத் தீபம் ஏற்றுகிறார்கள். ஊர் முழுக்கத் தெரியும் அந்தத் தீபத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதே நாளில் வீடுகளில் அகல்கள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வாசற்படியின் இருபுறம், திண்ணை ஓரம், கிணற்றடி, துளசி மாடம், மாட்டுக்கொட்டில், கொல்லைக்கதவு. குப்பைக் கார்த்திகை என்று சொல்லி எருக்குழியின் ஓரத்திலும் ஒரு விளக்கு வைக்கிறார்கள். சடங்கை ஒரு கணம் தள்ளிவைத்துவிட்டுப் பட்டியலை மட்டும் பார்த்தால், இவை எல்லாம் இருட்டில் மனிதர் குனியும், தண்ணீர் இறைக்கும், கால் வைக்கும் இடங்கள். கிணற்றடி வழுக்கும். மாட்டுக்கொட்டிலில் விடியுமுன் பால் கறக்க வேண்டும். எருக்குழியில் தேளும் பாம்பும் இருக்கும். ஆண்டில் ஓரிரு நாள் எண்ணெயைப் பற்றிக் கவலைப்படாமல் விளக்கு வைக்க வாய்ப்புக் கிடைத்தபோது, இருக்கிற சுடரை ஒரே இடத்தில் பெரிதாக்காமல் இடங்களை அதிகமாக்கினார்கள்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். அவர்கள் குறைவாக எரித்தது ஞானத்தால் இல்லை, வறுமையால். எண்ணெய் விலை அப்படி. அதைப் போய் அழகியலாக்கலாமா? முதல் பாதி முழு உண்மை. ஒரு சுடருக்கு 96 ஆடு என்னும் கணக்கே வெளிச்சம் எத்தனை பெரிய சொத்து என்பதைக் காட்டுகிறது. பெரும்பாலான குடிசைகளில் சமைத்த அடுப்பு அணைந்ததும் வெளிச்சமும் முடிந்தது. இருட்டில் பெண்கள் வெளியே போகத் தயங்கியதும், விளக்கில்லாத சேரித் தெருக்களும் அந்தப் பழங்காலத்தின் பகுதிதான். அதை யாரும் திரும்ப விரும்பக் கூடாது. ஆனால் பஞ்சம் விளக்கின் எண்ணிக்கையைத்தான் தீர்மானித்தது. விளக்கை எங்கே, எந்த உயரத்தில், எதை மறைத்து, எந்த வேளையில் வைப்பது என்பது அனுபவம் கற்றுக்கொடுத்தது. பஞ்சம் தீர்ந்த பிறகும் இந்த இரண்டாவது அறிவுக்கு வேலை இருக்கிறது. கண்ணின் இயல்பும் காலின் இயல்பும் மாறவில்லையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மண்ணெண்ணெய் வந்தது. திருச்சிப் பக்கத்தில் பலர் அதைக் கிருஷ்ணாயில் என்றே சொன்னார்கள். ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தகர டப்பாக்களில் இறங்கிய எண்ணெய், பிறகு பர்மாவிலிருந்தும் வந்தது. விதை எண்ணெயைவிட மலிவு, ஆனால் புகை அதிகம். அதனால் கண்ணாடிச் சிம்னி தேவைப்பட்டது. வாசல் விளக்கின் வரலாற்றில் அரிக்கேன் லாந்தர் செய்த காரியம் பெரிது. அது விளக்கைச் சுவரிலிருந்து கழற்றி ஆள் கையில் கொடுத்தது. கொல்லைக்குப் போகிறவர் தன் வெளிச்சத்தைத் தன்னோடு கொண்டு போனார். திரும்பி வந்து திண்ணைக் கொக்கியில் மாட்டினார். படுக்கும்முன் திரியை இறக்கினார். முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டு போகும் அந்த ஒளி, மேலே கட்டிய எந்த விளக்கையும்விடத் தரையின் மேடுபள்ளத்தை நன்றாகக் காட்டியது. தாழ்ந்து சாய்வாக விழும் ஒளியில் சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் உண்டு என்பதே காரணம். திருச்சி நகராட்சி 1866-இலும் திருவரங்கம் நகராட்சி 1871-இலும் ஏற்பட்டன. அக்கால நகராட்சிகளின் மண்ணெண்ணெய்த் தெருவிளக்குகளை ஏற்ற, ஏணியும் எண்ணெய்க் கேனுமாக ஆட்கள் போனார்கள். நிலவு நாட்களில் அவற்றை ஏற்றாமல் விடுவது பல ஊர்களில் நடைமுறை. சிக்கனம்தான் அதற்குக் காரணம் என்றாலும், வானத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு விளக்கேற்றும் பழக்கம் அதற்குள் இருந்தது. கல்யாணங்களுக்கும் சுவாமி புறப்பாட்டுக்கும் தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தபோது, ஊர்வலத்தின் இருபுறமும் அதைத் தலையில் சுமந்து நடந்தவர்கள் கூலிக்காரர்கள். அந்தச் சூட்டையும் பாரத்தையும் பற்றி நம் நினைவுக்குறிப்புகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

மின்சாரத்தைக் காவிரியே கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. 1905-இல் அதே மின்சாரத்தில் பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, 1937-இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. ஆற்றின் நடுவே தீவாகக் கிடக்கும் திருவரங்கத்துக்கு இந்த வரலாறு அந்நியமில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்த பல்பு, லாந்தரின் குணத்துக்கு நேர் எதிரானது. அது கூரையில் நிலைத்து நின்றது. ஒரு இடத்திலிருந்து எல்லா இடத்தையும் காட்ட முயன்றது. அதே காலத்தில் வீடும் மாறிக்கொண்டிருந்தது. திண்ணை இடிந்து போர்டிகோ வந்தது, போர்டிகோவுக்கு முன் காம்பவுண்டுச் சுவரும் இரும்பு கேட்டும் வந்தன. மாடம் பூசி மூடப்பட்டது. இரவில் திண்ணையில் படுத்திருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பு விடியவிடிய எரிந்தது. ஜீரோ வாட் என்று பெயரே தவிர அது 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். பழைய மீட்டர்கள் அந்தச் சிறு அளவைக் கணக்கில் எடுக்காததால்தான் அந்தப் பெயர் நிலைத்தது. செலவில்லை என்ற எண்ணத்தோடு இரவு முழுக்க எரியும் வெளிவிளக்கு நம் வீடுகளுக்குள் நுழைந்தது அந்தப் பல்பின் வழியாகத்தான் என்று நினைக்கிறேன். வருகிறவருக்கு வழிகாட்டிய விளக்கு, வராதவனை மிரட்டும் விளக்காக வேலை மாறிற்று. பிறகு டியூப்லைட்டும் சிஎஃப்எல்லும் வந்தன, கடைசியில் எல்இடி. நீல எல்இடியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015 தொடக்கத்தில் ஒன்றிய அரசின் உஜாலா திட்டம் எல்இடி பல்புகளை மலிவாக்கியது. இன்று 50 வாட் ஃப்ளட் லைட் ஒன்று ஏறக்குறைய 5,000 லூமன் ஒளி தரும். ஒரு மெழுகுவத்திச் சுடர் சுமார் 12 லூமன். நானூறு சுடருக்கு மேற்பட்ட வெளிச்சத்தைக் கேட் தூணில் மாட்டி, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கும் தெருக்களைத் திருச்சியில் எந்தப் புறநகரிலும் காணலாம்.

இதே மாவட்டத்தில் இந்த வரலாறு வேறு வேகத்தில் நடந்த இடம் பச்சைமலை. துறையூர், உப்பிலியபுரம் பக்கம் சமவெளியிலிருந்து எழுந்து, சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் மலை அது. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று நாடுகளாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் அங்கே சிதறிக் கிடக்கின்றன. ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே காடும் மரவள்ளிக் கொல்லையும் இருக்கும். வாசல் என்பது அங்கே அலங்காரத்துக்கான இடமில்லை. விளைச்சல் காய்வதும், புடைப்பதும், மூட்டை கட்டுவதும், ஆடுமாடு கட்டுவதும் அங்கேதான். இப்படிப்பட்ட வீட்டுக்கு வெளிவிளக்கு வசதிப் பொருள் இல்லை, கருவி. குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசு கொடுத்த இணைப்புகள், ஒற்றை பல்பை எங்கே தொங்கவிடுவது என்ற கேள்வியை ஒவ்வொரு குடும்பத்திடமும் எழுப்பின. உள்ளும் வெளியும் ஒரே பல்பில் தெரியவேண்டுமென்றால் அதற்குச் சரியான இடம் நிலைவாசல். மாடம் இருந்த அதே இடம்! மலையைப் பற்றிப் பேசும் சுற்றுலா விளம்பரங்கள் அங்குள்ள இருட்டைப் புகழ்கின்றன. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சாலைவரை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தாய்க்கு அந்தப் புகழ்ச்சியால் பயனில்லை. பச்சைமலைக்கு இன்னும் விளக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படிப்பட்ட விளக்கு என்பதில்தான் கவனம் வேண்டும். மேற்கே கண்ணெதிரே நிற்கும் கொல்லிமலையில் அரியூர் சோலைப் பகுதியை இருள்வானப் பூங்காவாக்கத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. ஒரு மலையின் இருட்டைக் காக்கப் பணம் ஒதுக்கிவிட்டு, அடுத்த மலையில் வானத்தைப் பார்த்து எரியும் விளக்குகளை நடுவது முரண். தலைக்கு மூடி போட்டுக் கீழ்நோக்கி ஒளி விடும் விளக்கு அங்குள்ள மனிதருக்கும் போதும், காட்டுக்கும் தொல்லையில்லை.

பூச்சிகளைப் பற்றிய அறிவு மலையிலும் சமவெளியிலும் பழையது. முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் மாலையில் விளக்கை அணைப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது. கிராமங்களில் ஈசலைப் பிடித்து வறுத்துத் தின்பதற்கு அதே ஈர்ப்பைப் பயன்படுத்தினார்கள். குழி தோண்டி மேலே விளக்கு வைத்தால் ஈசல் தானே வந்து விழும். நெல்வயலில் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியைப் பிடிக்க வேளாண் துறை பரிந்துரைக்கும் விளக்குப் பொறியும் இதே கொள்கைதான். பொறி வைப்பவர்கள் புற ஊதாவும் நீலமும் கலந்த ஒளியைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் பூச்சிகளுக்கு அதுதான் கவர்ச்சி. மஞ்சள் சார்ந்த ஒளிக்கு அவை குறைவாகவே வரும். இதைத் தெரிந்துகொண்டால், கூல் டே லைட் என்று விற்கும் 6,500 கெல்வின் வெள்ளை விளக்கை வாசலில் மாட்டுவது வீட்டு வாசலிலேயே பொறி வைப்பது என்று புரியும். பூச்சிக்குப் பல்லியும் தவளையும் வரும்; தவளைக்குப் பாம்பு வரும்.

பாம்பு என்றதும் ஃப்ளட் லைட் மாட்டுகிறவர்கள் தங்கள் பக்கமும் நியாயம் உண்டு என்பார்கள். உண்டுதான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. இருட்டில் கால் வைப்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உயரத்திலிருந்து கண்ணைக் கூசவைக்கும் விளக்கு இந்த ஆபத்தைக் குறைப்பதைவிட மறைப்பதே அதிகம். பிரகாசமான ஒளியைப் பார்த்த கண், இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வயதானவர்களின் கண்ணில் கூச்சம் இன்னும் அதிகம். விளக்குக்கு நேர் கீழே பகல் போல் இருக்கும், தொட்டியின் பின்னால், செடியின் அடியில், படியின் ஓரத்தில் கருநிழல் விழும். பாம்பு இருப்பது அந்த நிழலில்தான். முழங்கால் உயரத்தில் படிக்கு ஒன்று, கிணறோ போர்வெல்லோ இருக்கும் பக்கம் ஒன்று, கையில் ஒரு டார்ச் என்று வைத்துக்கொண்டால், கார்த்திகை அகல் காட்டிய அதே இடங்களுக்கு வெளிச்சம் போய்விடும்.

திருடனைப் பற்றிய வாதம்தான் மிகக் கடினமானது, ஏனென்றால் சான்றுகள் இருபக்கமும் இருக்கின்றன. நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் 2016-இல் விளக்குக் கோபுரங்கள் வைத்துச் செய்த ஆய்வில், இரவில் வெளியிடங்களில் நடந்த கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. 2015-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளில் தெருவிளக்கை அணைத்ததும் மங்கலாக்கியதும் குற்றங்களை அதிகரித்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது: மக்கள் நடமாடும், ஒருவரை ஒருவர் பார்க்கும் பொது இடத்தில் வெளிச்சம் காவலாகிறது, பார்க்க ஆளில்லாத இடத்தில் அதற்கு அவ்வளவு பலன் இல்லை. திண்ணைத் தெருவின் பாதுகாப்பு மாடத்து அகலால் வந்ததில்லை, திண்ணையில் படுத்திருந்த ஆட்களால் வந்தது. எல்லோரும் கதவைச் சாத்தி ஏசி அறையில் தூங்கும் தெருவில், கேட்டில் விடியவிடிய எரியும் விளக்கு யாருக்குக் காட்டுகிறது? ஆள் அசைந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு இங்கே நல்ல விடை. திடீரென்று மாறும் வெளிச்சத்தை அண்டை வீட்டுக்காரரும் கவனிப்பார், தெருநாயும் கவனிக்கும். தெருவுக்கு வெளிச்சம் கொடுக்கும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. அந்த விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியிடம் புகார் செய்து எரிய வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஆளாளுக்கு ஒரு ஃப்ளட் லைட் மாட்டுவது, பொது உரிமையைத் தனிச்செலவில் ஈடுகட்டுவது. அந்தச் செலவுக்கு வழியில்லாத வீட்டின் முன்பகுதி இருட்டாகவே இருக்கும்.

செலவையும் கணக்குப் பார்த்துவிடலாம். 50 வாட் ஃப்ளட் லைட் இரவில் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றிருக்கும் மாநிலத்தில், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு கேட் விளக்கு விழுங்கிவிடும். வாசலில் 9 வாட் பல்பு ஒன்று மாலை நான்கு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட்டைச் சற்றே தாண்டும்.

ஆகவே நடமாட்டம் மிகுந்த ஒரு குடும்பம் விளக்கு வாங்கப் போகும்முன் வீட்டை ஒருமுறை மாலையில் சுற்றிவருவது நல்லது. பால் பாக்கெட் வாங்குகிறவர், டியூஷனிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளை, நைட் ஷிப்ட் முடிந்து வண்டி நிறுத்துகிறவர், விடியுமுன் கோலம் போடுகிறவர், வைகுண்ட ஏகாதசிக்கு வந்திறங்கும் உறவினர்கூட்டம், கொல்லையில் பாத்திரம் தேய்க்கிறவர் என்று ஒவ்வொருவரின் காலும் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். பூட்டுத் துவாரம் தெரியவேண்டும், படிவிளிம்பு தெரியவேண்டும், வந்திருப்பவர் முகம் தெரியவேண்டும். இதற்கு 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ள வார்ம் வைட் விளக்குகள், மேலும் பக்கங்களும் மறைந்த கூட்டில், ஒவ்வொன்றும் நானூறு ஐந்நூறு லூமனுக்குள் இருந்தால் தாராளம். ஐப்பசி கார்த்திகை மழை சாய்ந்தடிக்கும் ஊர் இது என்பதால் ஐபி65 தரமுள்ள கூடு வேண்டும், வெளிவிளக்கு லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம் வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் வீட்டில் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது ஸ்விட்ச் விஷயம். எல்லா வெளிவிளக்கும் ஒரே ஸ்விட்சில் இருந்தால் கோலத்துக்காக மொட்டைமாடியும் எரியும். வாசல், வண்டி நிறுத்துமிடம், கொல்லை மூன்றுக்கும் தனித்தனி லைன் இழுத்து, வாசல் ஸ்விட்சைக் கதவின் உள்பக்கம், ஊன்றுகோலோடு வரும் பாட்டியின் கைக்கும் எட்டாவது படிக்கும் பிள்ளையின் கைக்கும் எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போதே எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லிவிட்டால் செலவு கொஞ்சம் வயரோடு முடியும். பூச்சு முடிந்த பிறகு என்றால் சுவரை வெட்ட வேண்டியிருக்கும்.